சீசவுண்டில் ஐ, கே, ஏ: எந்தச் சமிக்ஞையை எந்த வீதத்தில் ஓட்டுவது?

அல்சூர்வாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். மென்பொருள் எழுதுவது என் தொழில் என்றாலும் ஒலியை நிரலால் உருவாக்கும் துறைக்குப் புதியவன். என் மகள் மல்லேஸ்வரத்தில் வாய்ப்பாட்டு கற்றுவருகிறாள். ஐந்து கட்டையில் பாடுகிறாள். அவளுடைய சாதகத்துக்காக, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி ஒன்றில் சீசவுண்ட் மொழியைக் கொண்டு ஒரு தம்பூரா செய்துகொண்டிருக்கிறேன். சுருதிப் பெட்டிகளும் கைப்பேசிச் செயலிகளும் எளிதாகக் கிடைக்கும் ஊரில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஜீவாரியின், அதாவது தம்பூராவின் குதிரையில் கம்பி உரசி எழுப்பும், ரீங்காரத்தை அவள் குரலுக்கு ஏற்றபடி நானே கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

பஞ்சமத்துக்கு 147 ஹெர்ட்ஸ், சாரணிக்கும் அனுசாரணிக்கும் 196, மந்தரத்துக்கு 98 என்று நான்கு கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் இருபது சைன் ஆஸிலேட்டர்கள் (ஒற்றை அதிர்வெண் அலையை உருவாக்குபவை), ஒவ்வோர் ஆஸிலேட்டருக்கும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஓர் என்வலப் (ஒலியளவின் வரைகோடு). சாம்பிள் வீதம், அதாவது விநாடிக்கு ஒலியலையைக் குறிக்கும் எண்களின் எண்ணிக்கை, 48000. ஒலியளவை மாற்றுவதற்கு யூஎஸ்பியில் செருகும் மிடி (இசைக்கருவிகள் கணினியோடு பேசும் முறை) திருகு ஒன்று வைத்திருக்கிறேன்.

சிக்கல் அந்தத் திருகில் தொடங்கியது. முதலில் அதன் மதிப்பை ஐ எழுத்தில் தொடங்கும் மாறியில் வாங்கினேன். திருகினால் ஒன்றும் நடக்கவில்லை, நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கினால்தான் புதிய அளவு வந்தது. கே எழுத்து மாறிக்கு மாற்றியதும் திருகு வேலை செய்தது; ஆனால் திருகும்போதெல்லாம் சடசடவென்று சத்தம். போர்ட் என்னும் கட்டளையால் மதிப்பை மென்மையாக்கியபோது சடசடப்பு போய், அதன் இடத்தில் மெல்லியதாக ‘நொய்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. மகளுக்கு அது தெளிவாகக் கேட்கிறது. பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழே ஏதோ ஒட்டாத சுரம் இருப்பதாகச் சொல்கிறாள். இதைத் தவிர, ஒவ்வொரு மீட்டலின் தொடக்கத்திலும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது.

எல்லாவற்றையும் ஏ எழுத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று எண்ணி அப்படியே செய்தேன். கணினி ஈடுகொடுக்க முடியாமல் ஒலி துண்டு துண்டாக வந்தது. சுமையைக் குறைப்பதற்காக கேஎஸ்எம்பிஎஸ் என்னும் அளவை 10-இலிருந்து 64-ஆக உயர்த்தி, மீண்டும் கே-க்குத் திரும்பினேன். இப்போது ‘நொய்’ முன்பைவிடக் கூடிவிட்டது. இந்த மூன்று வகைச் சமிக்ஞைகளுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு, எதை எந்த வகையில் வைப்பது என்பதை எப்படித் தீர்மானிப்பது என்று யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வீணைக்குடம் எழுதியது:

வணக்கம். உங்கள் மகளின் காது மிகவும் கூர்மையானது. அவள் சொன்ன ஒட்டாத சுரத்திலேயே பாதி விடை இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஐ, கே, ஏ என்பவை ஒரே மதிப்பை எத்தனை முறை கணக்கிடுகிறோம் என்பதைக் குறிக்கின்றன. ஐ எழுத்து மாறி, ஒரு சுரம் தொடங்கும் கணத்தில் ஒரே ஒரு முறை கணக்கிடப்பட்டு, அந்தச் சுரம் முடியும்வரை அப்படியே நிற்கும். தம்பூராவின் சுரம் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டிருப்பதால், உங்கள் முதல் முயற்சியில் திருகு ஒருமுறைதான் படிக்கப்பட்டது. ஏ எழுத்து மாறி ஒவ்வொரு சாம்பிளுக்கும், அதாவது உங்கள் நிரலில் விநாடிக்கு 48000 முறை கணக்கிடப்படும். கே எழுத்து மாறி இரண்டுக்கும் நடுவில் இருப்பது: சாம்பிள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒரு கட்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படும். ஒரு கட்டில் எத்தனை சாம்பிள்கள் என்பதுதான் கேஎஸ்எம்பிஎஸ். அதை 10 என்று வைத்திருந்தபோது உங்கள் கட்டுப்பாட்டு வீதம் 4800. 64 ஆக்கியதும் 750, அதாவது ஏறத்தாழ 1.33 மில்லிவிநாடிக்கு ஒருமுறை.

இந்தப் பிரிவினை கணினிகள் மெதுவாக இருந்த காலத்தின் கொடை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மேக்ஸ் மேத்யூஸ் 1957-இல் ஐபிஎம் 704 கணினியை ஒலிக்க வைத்தார். அவர் தொடங்கிய வரிசை நிரல்களின் வழித்தோன்றல்களாக, 1970-களில் எம்ஐடியில் பாரி வெர்கோ எழுதிய மியூசிக் 11-உம், 1986-இல் அவரே உருவாக்கிய சீசவுண்டும் வந்தன. மெதுவாக மாறும் ஒன்றை ஒவ்வொரு சாம்பிளுக்கும் கணக்கிடுவது வீண் என்பதைக் கண்டு, கட்டுப்பாட்டு வீதத்தைத் தனியாகப் பிரித்தது அந்த மரபுதான். உங்கள் பழைய ராஸ்பெரி பையில் எண்பது ஆஸிலேட்டர்கள் ஓடும்போது அந்தச் சிக்கனம் இன்றும் தேவைப்படுகிறது.

இனி உங்கள் சத்தங்களுக்கு வருவோம். நீங்கள் கேட்டவை இரண்டு வேறு படிக்கட்டுகள். மிடி திருகு 0 முதல் 127 வரை 128 படிகளை மட்டுமே அனுப்புகிறது. ஒவ்வொரு படியிலும் ஒலியளவு சட்டென்று தாவியதால் சடசடப்பு. போர்ட் அந்தப் படிகளை மழுக்கியது. ஆனால் போர்ட்டின் விடையும் கட்டுக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்பதால், விநாடிக்கு 750 சிறு படிகள் கொண்ட இரண்டாவது படிக்கட்டு ஒன்று வெளிப்பட்டது. சீராக 750 முறை தாவும் ஒலியளவை 196 ஹெர்ட்ஸ் ஒலியோடு பெருக்கினால், 750-க்கு இருபுறமும் 196 தள்ளி, 554-இலும் 946-இலும் புதிய ஒலிகள் பிறக்கும். 196-இன் மூன்று மடங்கான 588 பஞ்சமம்; 554 அதற்கு ஏறத்தாழ அரைச் சுரம் கீழே, பிரதி மத்தியமத்தின் பக்கத்தில் நிற்கிறது. ஐந்து மடங்கான 980, தம்பூராவில் தானாக எழும் அந்தர காந்தாரம்; 946 அதற்குக் கீழே ஒட்டாமல் நிற்கிறது. மற்றக் கம்பிகளும் இவ்வாறே தங்கள் பங்குக்குச் சேர்க்கின்றன. உங்கள் மகள் கேட்டது இதைத்தான் என்று எண்ணுகிறேன். முன்பு வீதம் 4800-ஆக இருந்தபோது படிகள் சிறியவையாக இருந்தன, பிறந்த ஒலிகளும் மிக உயரத்தில் இருந்தன. ஆகவே குறைவாகக் கேட்டது.

எதைக் கே-யில் விடலாம், எதை ஏ-க்கு ஏற்ற வேண்டும் என்பதற்கு நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு கட்டுக்குள் அந்த மதிப்பு எவ்வளவு மாறுகிறது? நான்கு விநாடிகளில் தணியும் என்வலப் 750 வீதத்தில் 3000 படிகளில் இறங்குகிறது. ஒவ்வொரு படியும் முழு அளவில் மூவாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 70 டெசிபல் கீழே. அது காதுக்கு எட்டாது. அரை விநாடியில் திருகை முழுவதும் சுழற்றினால் 375 படிகள், சுமார் 51 டெசிபல் கீழே. அமைதியான அறையில் அது ‘நொய்’ என்று கேட்கும். மீட்டலின் தொடக்கம் 5 மில்லிவிநாடி என்று கொண்டால் நான்கு படிகள்கூட இல்லை. ஒவ்வொரு படியும் முழு உயரத்தில் கால்பங்குக்கு மேல். அந்த ‘டிக்’ அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே என் பரிந்துரை இது. எண்பது என்வலப்களிலிருந்தும் வேகமான தொடக்கப் பகுதியை எடுத்துவிடுங்கள். அவை மெதுவாக ஏறி இறங்குவதை மட்டும் கே-யில் பார்த்துக்கொள்ளட்டும். கம்பிக்கு ஒன்று என நான்கு தொடக்க என்வலப்களை ஏ-யில் எழுதி, ஒவ்வொரு கம்பியின் இருபது ஆஸிலேட்டர்களையும் கூட்டிய பிறகு அதனால் பெருக்குங்கள். சீசவுண்டில், என்வலப்பை நேர்கோட்டுத் துண்டுகளால் வரையும் லின்செக் போன்ற கட்டளைகள், விடையை வாங்கும் மாறியின் முதல் எழுத்தைப் பார்த்தே எந்த வீதத்தில் ஓடுவது என்று தீர்மானிக்கின்றன. எனவே மாறியின் பெயரை மாற்றினாலே போதும். திருகுக்கு, போர்ட்டின் விடையை இன்டர்ப் என்னும் கட்டளைக்குள் செலுத்துங்கள். அது இரு கட்டுகளின் மதிப்புகளுக்கு இடையே நேர்கோடு போட்டு ஏ சமிக்ஞையாகத் தரும். இதே வேலையைச் செய்வதுபோல் தோன்றும் அப்சாம்ப் என்னும் கட்டளையைத் தவிர்க்கவும். அது ஒரே மதிப்பை 64 முறை நகலெடுப்பதால், படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்கும்.

சுருதியைப் பொறுத்தவரை கவலை குறைவு. ஒலியளவு தாவினால் அலையே அந்த இடத்தில் உடைகிறது. ஆஸிலேட்டரின் அதிர்வெண் தாவினாலோ அலை விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது, அதன் சாய்வு மட்டும் மாறுகிறது. ஆகையால் விநாடிக்கு ஐந்தாறு முறை அசையும் ஒரு கமகத்தைக்கூட கே-யில் தயங்காமல் எழுதலாம்.


கோரமங்களா நிரலர் எழுதியது:

வீணைக்குடம் அவர்களின் விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன்; சுருதி பற்றிய இறுதிப் பத்திக்கு மட்டும் ஓர் எல்லை சொல்ல வேண்டும். அதிர்வெண்ணை அசைக்கும் சமிக்ஞை தானே காதுக்குக் கேட்கும் வேகத்தை எட்டிவிட்டால் கே போதாது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டறிந்து, 1983-இல் யமஹா டிஎக்ஸ் 7 வழியாகப் பரவிய எஃப்எம் தொகுப்பு முறையில், ஓர் ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணை மற்றோர் ஆஸிலேட்டர் ஒலி வேகத்தில் அசைக்கிறது. உங்கள் 750 வீதத்தில் அதன் பாதியான 375 ஹெர்ட்ஸ் வரைதான் ஒரு சமிக்ஞையை உண்மையாகச் சொல்ல முடியும். 400 ஹெர்ட்ஸில் அசைக்க முயன்றால் அது 350-ஆக மடங்கி வெளிப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான ஒலி மட்டும் வரும். ஜீவாரிக்காக நீங்கள் என்றேனும் எஃப்எம் பக்கம் போனால், அசைக்கும் ஆஸிலேட்டர் கட்டாயம் ஏ-யில் இருக்க வேண்டும்.

மற்ற மொழிகளிலும் இதே பிரிவினை வெவ்வேறு உடைகளில் இருக்கிறது. சூப்பர்கொலைடரில் ஏஆர், கேஆர், ஐஆர் என்று எழுதுகிறோம். இயல்பான கட்டு 64 சாம்பிள்கள். அங்கே ஏஆர் சமிக்ஞையை கேஆர் சமிக்ஞையால் பெருக்கினால், பெருக்கும் கட்டளை தானாகவே கட்டுக்குள் நேர்கோடு போட்டுக்கொள்கிறது. அங்கிருந்து சீசவுண்டுக்கு வருபவர்கள், ‘அங்கே கேட்காத சத்தம் இங்கே ஏன் கேட்கிறது’ என்று குழம்புவதற்கு இதுவே காரணம். சீசவுண்ட் நீங்கள் கேட்காத எதையும் செய்வதில்லை. இன்டர்ப் வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுத வேண்டும்.

மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டாவில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பெயரின் இறுதியில் அலைக்குறி உள்ள பெட்டிகள் சமிக்ஞையைக் கையாள்கின்றன, அவற்றை இணைக்கும் கோடு தடிமனாக இருக்கும். அலைக்குறி இல்லாதவை செய்திகளை அனுப்புகின்றன, அவற்றின் கோடு மெல்லியது. செய்தி என்பது தொடர்ந்து ஓடுவதன்று, நிகழும்போது மட்டும் வருவது. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் பியூர் டேட்டாவை முதலில் காட்டுவது இதனால்தான். இரு வகைகளும் வெவ்வேறு பொருள்கள் என்பது அந்தக் கோடுகளைப் பார்த்தவுடன் மனத்தில் பதிந்துவிடுகிறது.

கணினி இல்லாத அனலாக் கருவிகளிலும் இந்தக் கேள்வி இருந்தது. 1960-களில் ராபர்ட் மூக் தம் கருவியில் ஒலியையும் கட்டுப்பாட்டையும் ஒரே வகை மின்னழுத்தமாகக் கருதினார். எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் செருகலாம். அதே காலத்தில் கருவிகள் செய்த டான் புக்லா இரண்டுக்கும் வெவ்வேறு செருகிகளை வைத்துப் பிரித்தார். எனக்கு ராபர்ட் மூக் காட்டிய வழிதான் பிடிக்கும், ஏனெனில் எதிர்பாராத இணைப்புகளுக்கு அது இடம் தருகிறது. ஆனால் உங்கள் பழைய ராஸ்பெரி பையில் அந்தச் சுதந்திரத்துக்கு விலை அதிகம்.


அல்சூர்வாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தொடக்க என்வலப்பைப் பிரித்து ஏ-யில் வைத்ததும் ‘டிக்’ முற்றிலும் மறைந்தது. திருகுக்கு இன்டர்ப் சேர்த்தபின் மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், நான் திருகினேன். ஒட்டாத சுரம் இப்போது இல்லை என்றாள். எண்பது ஆஸிலேட்டர்களும் தடங்கலின்றி ஓடுகின்றன.

ஆனால் அந்த மகிழ்ச்சியில் இரண்டு புதிய சிக்கல்களை உண்டாக்கிவிட்டேன். முதலாவது: போர்ட் நன்மை செய்கிறது என்று கண்டு, கே மாறிகள் அனைத்தையும் 0.02 விநாடி போர்ட் வழியாக அனுப்பினேன். அதன்பின் கம்பிகள் மீட்டப்படவே இல்லை. மீட்டும் நேரத்தைச் சொல்வதற்கு மெட்ரோ என்னும் கட்டளையைப் பயன்படுத்துகிறேன், அதன் மதிப்பு 0.5-ஐத் தாண்டும்போது கம்பி ஒலிக்க வேண்டும். இரண்டாவது: ரீங்காரம் உயிரோடு அசைய வேண்டும் என்று 0.5 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றால் மொத்த ஒலியையும் பெருக்கினேன். மெல்லிய அசைவை எதிர்பார்த்தேன். விநாடிக்கு ஒருமுறை ஒலி அறவே நின்று மீள்கிறது. வீதத்தைச் சரியாகத்தானே தேர்ந்தெடுத்திருக்கிறேன்?


ஒத்துக்காரர் எழுதியது:

வீதம் சரிதான். ஆனால் வீதம் மட்டுமே ஒரு சமிக்ஞையின் வகையைத் தீர்மானிப்பதில்லை. அந்த எண் எதைச் சொல்ல வந்தது, எந்த எல்லைக்குள் அசைகிறது என்பவையும் வகைகளே. நிரல் மொழி இவற்றுக்குத் தனி எழுத்துத் தருவதில்லை என்பதால், நாமேதான் மாறியின் பெயரிலோ மனத்திலோ குறித்துவைக்க வேண்டும். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதும் குடும்பத்திலிருந்து வந்தவன் நான். சுருதி ஓட்டை விழாமல் நிற்க வேண்டும் என்பதில் எனக்குத் தனி அக்கறை உண்டு, அதனால் உங்கள் இரண்டாவது சிக்கலை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சைன் அலை −1 முதல் +1 வரை அசைகிறது. சுழியத்துக்கு இருபுறமும் செல்லும் இருமுனைச் சமிக்ஞை அது. ஒலியளவோ 0 முதல் 1 வரை செல்லும் ஒருமுனைச் சமிக்ஞையை எதிர்பார்க்கிறது. நீங்கள் பெருக்கியபோது, ஒரு சுற்றில் இருமுறை சைன் சுழியத்தைக் கடக்கிறது, ஆகவே 0.5 ஹெர்ட்ஸ் அலை விநாடிக்கு ஒருமுறை ஒலியை நிறுத்துகிறது. எதிர்ம மதிப்பு வரும் பாதியில் ஒலி குறைவதில்லை, அலை தலைகீழாகப் புரண்டு முழு அளவிலேயே ஒலிக்கிறது. அதனால் நீங்கள் எண்ணியதைப்போல் இருமடங்கு வேகத்தில் அசைவு கேட்கும். சைனை 0.1-ஆல் பெருக்கி 0.9-ஐக் கூட்டுங்கள், 0.8-க்கும் 1-க்கும் நடுவே மெல்ல அசையும். மெதுவாக மாறுவதால் இதைக் கே-யிலேயே விட்டுவிடலாம்.

எல்லைகளைப் பற்றிப் பேசும்போதே, நிரலின் தலைப்பகுதியில் முழு அளவு ஒலி என்பது 1 என்று அறிவித்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிக்காவிட்டால் சீசவுண்ட் பழைய வழக்கப்படி 32768-ஐ முழு அளவாகக் கொள்ளும். அங்கே 1 என்பது சுமார் 90 டெசிபல் கீழே, கேட்கவே கேட்காது. உங்களுக்கு ஒலி வருகிறது என்பதால் அறிவித்திருப்பீர்கள். வேறெங்கிருந்தாவது ஒரு கருவியை நகலெடுத்து ஒட்டும்போது கவனம் தேவை.

மீட்டலுக்கு வருகிறேன். மெட்ரோ தருவது ஓர் அளவன்று, ஒரு தட்டு. ஒரே ஒரு கட்டுக்கு 1 என்று சொல்லிவிட்டு உடனே 0-க்குத் திரும்பிவிடும். 0.02 விநாடியில் பாதி தூரம் செல்லும் போர்ட், 1.33 மில்லிவிநாடி மட்டுமே நீடிக்கும் அந்த 1-ஐ நோக்கி ஏறத்தாழ 0.045 வரைதான் எழ முடியும். அதற்குள் இலக்கு மீண்டும் 0 ஆகிவிடுகிறது. உங்கள் 0.5 எல்லையை அது ஒருபோதும் எட்டாது. தட்டுச் சமிக்ஞையை மென்மையாக்கக் கூடாது, இன்டர்ப் வழியாகவும் அனுப்பக் கூடாது. அதன் பயனே அதன் திடீர்த்தன்மையில்தான் இருக்கிறது. சூப்பர்கொலைடரில் இதற்கென்றே தட்டுச் சமிக்ஞையின் வீதத்தை மாற்றும் தனிக் கட்டளை வைத்திருக்கிறார்கள். அங்கே சுழியத்திலிருந்தோ அதற்குக் கீழிருந்தோ மேலே எழும் கணம்தான் தட்டாகக் கணக்கிடப்படும்.

தட்டின் உறவினர் ஒன்று உண்டு: விசையை அழுத்தியிருக்கும்வரை 1 ஆகவே நின்று, விட்டதும் 0 ஆகும் கேட் சமிக்ஞை. தம்பூராக் கம்பிக்குத் தட்டு போதும், விரல் மீட்டிவிட்டு விலகிவிடுகிறது. சுருதிப் பெட்டியின் துருத்தியைப் போலவோ எங்கள் ஒத்தைப் போலவோ காற்று உள்ளவரை நிற்கும் ஒலி வேண்டுமானால் கேட் வேண்டும். இரண்டும் 0, 1 என்றே தோன்றுவதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகிவிட்டு, ஒலி ஏன் உடனே அறுந்துபோகிறது என்று தேடுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சுருதியை நுட்பமாகத் திருத்த இன்னொரு திருகு சேர்ப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்போது அதன் மதிப்பை ஹெர்ட்ஸாகக் கூட்டாதீர்கள். 196-க்கு 2 ஹெர்ட்ஸ் கூட்டுவதும் 98-க்கு 2 ஹெர்ட்ஸ் கூட்டுவதும் காதுக்கு ஒன்றல்ல. கம்பிகள் ஒன்றோடொன்று விலகிவிடும். திருகு சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கட்டும். அதை 1200-ஆல் வகுத்து, 2-இன் அடுக்காக்கி, வரும் எண்ணால் நான்கு கம்பிகளின் அதிர்வெண்ணையும் பெருக்குங்கள். எண்பது ஆஸிலேட்டர்களுக்கும் இந்த ஒரே கே மதிப்பு போதும்.


அல்சூர்வாசி எழுதியது:

ஐயா, மெட்ரோவை போர்ட்டிலிருந்து விடுவித்ததும் கம்பிகள் மீண்டும் ஒலிக்கின்றன. ஒலி நின்று மீள்வதும் போய்விட்டது. மாறிகளுக்குப் பெயரிடும் முறையையும் நீங்கள் சொன்னபடி மாற்றிக்கொண்டேன்: வீதத்தைக் காட்டும் எழுத்துக்கு அடுத்து, தட்டு, அளவு, அசைவு என்று அதன் வேலையையும் சேர்த்து எழுதுகிறேன். கம்பிகளின் அதிர்வெண்கள் சுரம் தொடங்கும்போது ஐ-யில் ஒருமுறை கணக்கிடப்படுகின்றன, நுண்சுருதித் திருகு கே-யில் அவற்றைப் பெருக்குகிறது, நான்கு தொடக்க என்வலப்களும் மொத்த ஒலியளவும் மட்டும் ஏ-யில் இருக்கின்றன.

இன்று மாலை மகள் இதனோடு ஒரு மணி நேரம் சாதகம் செய்தாள். மந்தரக் கம்பியின் ரீங்காரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தணிந்துவிடுகிறது என்கிறாள். அதன் மேல் சுரங்களின் என்வலப்பை நான்கு விநாடியிலிருந்து ஆறாக நீட்டிப் பார்க்கப் போகிறேன்.